டாட்டூவுக்குத் தமிழ்: பச்சை சரி, ‘குத்து’ வேண்டுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ‘தோலோவியம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்சி ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஆள். உடம்பில் 61 பச்சைக் குறிகள், எல்லாம் சிறு கோடும் சிலுவையும்தான். அதிலும் பல இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டு தேய்ந்த இடங்களில் இருக்கின்றன. வைத்தியமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒத்தடம் கொடுத்த தடத்தை யாராவது ஓவியம் என்பார்களா?

‘பச்சை’யைத் தாண்டிப் போகவே தேவையில்லை. பாலக்கோட்டில் எங்கள் ஆயாவின் முன்கையில் ஒரு புள்ளிக்கோலம் இருந்தது. ஏற்றியது கறுப்பு விளக்குக்கரி. தோலுக்கடியில் போய்விட்டால் அது பச்சையும் நீலமுமாகத்தான் தெரியும். வயதாக ஆகப் புள்ளிகள் கசிந்து ஒட்டிக்கொண்டன. சின்ன வயதில் நான் அதை நரம்பு என்றே நினைத்திருந்தேன். மையின் நிறத்தை விட்டு, ஆறின கையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்குக்காரர்கள் பச்சபொட்டு என்பார்கள், கன்னடத்தில் ஹச்சே.

என் சிக்கல் ‘குத்து’வில். பசிபிக் தீவான சமோவாவில் எலும்புச் சீப்பைத் தோலில் வைத்து, கோலால் தட்டுவார்கள். நியூசிலாந்து மாவோரிகளின் மோகோ என்ற பச்சை உளியால் செதுக்கியது. தடவினால் பள்ளம் தட்டுப்படும். வடதுருவத்து இனுவிட் பெண்கள் கரி தோய்த்த நூலை ஊசியில் கோத்துத் தோலுக்குள் தைத்து இழுத்தார்கள். இதையெல்லாம் ‘பச்சை குத்தினார்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே பொதுச்சொல் ‘பச்சையிடல்’. பொட்டிடுகிறோம், கோலமிடுகிறோம் அல்லவா? அதன் கீழ் தட்டுப்பச்சை, செதுக்குப்பச்சை, தையற்பச்சை, குத்துப்பச்சை.

— தருமபுரியிலிருந்து

~

> பொதுச்சொல் ‘பச்சையிடல்’

வகைப்பெயர்கள் நான்கும் அருமை. பொதுச்சொல்லுக்கு மட்டும் என் ஓட்டு இல்லை. ஜப்பானில் கையால் செய்யும் முறைக்கு டெபோரி என்று பெயர். ‘கைச்செதுக்கு’ என்று பொருள். செய்வதோ, குச்சியில் கட்டிய ஊசிக்கொத்தால் குத்துவது. 1872 முதல் 1948 வரை தடை இருந்தது, அப்புறமும் பெயர் மாறவில்லை. நாமும் ‘போன் அடிக்கிறேன்’ என்கிறோம், எதை அடிக்கிறோம்? ‘பச்சை குத்துதல்’ அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று: எடிசன் 1876-இல் காப்புரிமை வாங்கிய மின்பேனா காகிதத்தில் துளை போடத்தான். அதே வழியில் நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி 1891-இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கடைகளில் ஓடுவது அந்த வம்சம். அதைக் ‘குத்துப்பொறி’ எனலாமா? கையால் குத்துவதைக் ‘கைக்குத்தல்’ என்றால் அரிசி ஞாபகம் வருகிறது.

— கிருஷ்ணகிரியிலிருந்து

~

அரிசி வந்தால் வரட்டும், புரிகிறதே! குத்துப்பொறி, கைக்குத்துப்பச்சை இரண்டும் எனக்குச் சம்மதம். பொதுச்சொல்லிலும் விட்டுக்கொடுக்கிறேன், தனியாகப் பெயர்ச்சொல் வேண்டும்போது வெறும் ‘பச்சை’ போதும்.

கலைஞருக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. ‘குத்துநர்’ என்று அட்டையில் அச்சடித்தால் போலீஸ் வரும். இப்போதைக்குப் ‘பச்சைக் கலைஞர்’ என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறேன், அருகில் ஒரு கேள்விக்குறியோடு.

— தருமபுரியிலிருந்து