மலைக்குப் போகும் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறது, யோசனை தேவை

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பேக்கிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு, நைட்ரஜன் அடைத்து விற்கிறோம். தென்காசி, தூத்துக்குடிக்கு அனுப்பினால் ஒரு குறையும் இல்லை. கொடைக்கானல் கடைகளுக்குப் போகிற பாக்கெட்தான் தலையணை மாதிரி உப்பி, சிலது மேல் சீலில் வாய் பிளந்துவிடுகிறது.

காரணம் புரிகிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 1,000 மில்லிபார்; அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் 785 பக்கம்தான். வெளி அழுத்தம் குறையக் குறைய, உள்ளே இருக்கும் வாயு கால் பங்குக்கு மேல் விரியப் பார்க்கும். மலைக் குளிர் அதில் கொஞ்சத்தைச் சுருக்கும், ஆனால் முழுதாக ஈடுகட்டாது. மதிய வெயிலில் சூடேறிய வண்டி மலை ஏறினால் அதுவும் உடனே உதவாது.

மெஷின்காரர் சீல் சூட்டைக் கூட்டச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஃபிலிம் சுருங்கிவிடும். ஊசியால் குத்தச் சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆக்சிஜன் புகுந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

200 கிராம் பாக்கெட்டில் வாயுவை எவ்வளவு குறைத்தால் சிப்ஸ் நொறுங்காமல் போய்ச் சேரும்? அகலமான சீல் தாங்குமா? அப்புறம், ஊட்டி, வால்பாறைக்கு அனுப்புகிறவர்கள் மலைச் சரக்குக்கென்று தனி அளவு வைத்திருக்கிறீர்களா?