கோனோவீடரின் பிடியை அரைச் சாண் வெட்டிய கதை

நீடாமங்கலம் பக்கத்துக்காரர், வெண்ணாற்றுப் பாசனம்:

டிப்ளமோ முடித்து ஓசூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். கொரோனாவில் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டேன். அந்த வருடக் குறுவையில் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) மட்டும் ஒற்றை நாற்று வரிசை நடவு செய்து பார்த்தோம். அரசாங்கம் 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்த அதே முறை. 14 நாள் நாற்று, வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர். களை எடுக்க, கையால் தள்ளும் கோனோவீடர். முன்னால் ஒரு மிதவை, பின்னால் பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள். முன்னும் பின்னுமாகத் தள்ளினால் களை சேற்றுக்குள் அமுங்கி அங்கேயே மக்கிவிடும். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்களிடம் எப்போதும் நடவுக்கு வரும் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். ஆள் ஐந்தடிக்கு மேல் இருக்க மாட்டார். பிடி அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. தள்ளும்போதெல்லாம் இரண்டு முழங்கையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டன. எங்கள் வயல் நல்ல களி. உருளை புதைந்து நின்றால் தூக்கித்தான் மறுபடி வைக்க வேண்டும். கருவி ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒட்டிய சேறு தனி. நான்கு வரிசை போனார். அப்புறம் வரப்பில் ஏறிக் கருவியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "குனிஞ்சு பறிச்சா இடுப்பு போவுது தம்பி. இதத் தள்ளுனா தோளு போவுது. எது போனா பரவாயில்லன்னு நீங்களே சொல்லிடுங்க."

சரி, நமக்குத்தான் லேத் தெரியுமே என்று பிடிக் குழாயில் நான்கு ஓட்டை போட்டு, போல்ட் மாட்டி, வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்குகிற மாதிரி செய்தேன். எனக்கே ரொம்பப் பெருமை. பத்து நாள் கழித்து அடுத்த களைக்கு எடுத்தபோது நட்டு துருப்பிடித்துச் சேற்றோடு இறுகியிருந்தது. ஸ்பேனர் வீட்டில். அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியதை வரப்பில் நான்கு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கூட்டிக் குறைக்கிற வசதியை அவர்கள் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் அக்காவையே நிற்கவைத்தேன். கையை மடக்கி, முழங்கைக்கு ஒரு விரற்கடை கீழே காட்டி, "இங்க நிக்கணும்" என்றார். ஆக்சா பிளேடால் அரைச் சாண் வெட்டினேன். குறுக்குப் பிடியைக் கழற்றிவிட்டு, கைக்குள் அடங்கும் பூவரசங்கொம்பு ஒன்றைச் செதுக்கி மாட்டினேன். ஈரக் கை வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றியது அக்காவின் யோசனை. செலவு என்று பார்த்தால் ஒரு பிளேடு, இரண்டு ஆணி.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த அளவு இல்லை. போபாலில் இருக்கும் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும் புவனேசுவரத்தில் இருக்கும் வேளாண் மகளிருக்கான மத்திய நிறுவனமும் பெண்களின் உயரம், கையின் நீளம், பிடியின் சுற்றளவு என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரி உயரத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. கடையில் கேட்டால் மட்டும் ஒரே அளவுதான். வாங்க வருவது ஆண்கள், கடைக்காரர் ஆளைப் பார்த்துத்தான் சரக்கு வைப்பார்.

மன்னார்குடி பக்கத்துக்காரர்:

நீங்கள் சொன்ன கடைசி விஷயத்துக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. என் அம்மா இடது கைக்காரர். இப்போது நெல்லறுப்பெல்லாம் மிஷின்தான். ஆனாலும் மழையில் சாய்ந்த கதிர், மிஷின் திரும்ப முடியாத மூலை, வரப்புப் புல் இதற்கெல்லாம் அரிவாள் வேண்டும். கருக்கரிவாளில் பல் ஒரு முகத்தில்தான் இருக்கும். அதை இடது கையில் பிடித்தால் தாளில் பதியாமல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அப்பா வருடா வருடம் சந்தையில் வாங்கி வருவார், அம்மா வருடா வருடம் சுண்டுவிரலைக் கிழித்துக்கொள்வார். கை ராசி இல்லை என்று பாட்டி வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், அம்மாவே பட்டறைக்குப் போனார். ஆசாரி உலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கை?" பழைய லாரிப் பட்டையில் அடித்து, மறு முகத்தில் கருக்கு வெட்டி, பிடியையும் ஒரு சுற்று இழைத்துப் பூண் போட்டுக் கொடுத்தார். கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை. இருபது வருடமாக அவரிடம்தான் அப்பா கருக்கு வெட்டக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை!

வலங்கைமான் பக்கத்துக்காரர்:

பிடி, பல் எல்லாம் சரி. கருவி யாருடையது? என் அத்தை நூறு நாள் வேலைக்கு எடுத்துப்போகும் மண்வெட்டி மாமாவுடையது. அவர் உயரத்துக்கும் பலத்துக்கும் போட்ட காம்பு. அத்தைக்குத் தோதாகக் குறைத்தால் மாமா வாய்க்கால் வெட்டப் போகும்போது சண்டை வரும். பண்ணைக் கருவிகளுக்கு மானியம் இருக்கிறதே என்று போய் விசாரித்தேன். நிலத்துக்கான சிட்டா கேட்டார்கள். கூலி வேலை செய்கிறவருக்கு ஏது சிட்டா? இந்த இரண்டையும் விட்டுவிட்டு எவ்வளவு நல்ல மண்வெட்டி செய்தாலும் அது பரணில்தான் கிடக்கும். எனக்குத் தோன்றிய வழி, தலை ஒன்று, காம்பு இரண்டு. ஆப்பைத் தட்டினால் கழன்றுவிட வேண்டும். வேப்பங்காம்பு ஒன்று இழைத்து வைத்திருக்கிறேன். ஆப்பு மட்டும் இன்னும் ஆடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீடாமங்கலம் பக்கத்துக்காரர், மறுபடியும்:

ஆப்பை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், காய்ந்ததும் சுருங்கிவிடும். நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டையில் செதுக்கிப் பாருங்கள்.

ஆண் பெண் சண்டை என்றதும் ஞாபகம் வந்தது. போன குறுவையில் அக்காவின் வீட்டுக்காரர் வந்து அந்த வெட்டிய கோனோவீடரை வாங்கித் தள்ளினார். ஒரு வரிசை முடியும் முன்னே நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா இது, இவ்வளவு குட்டையா செஞ்சு வெச்சிருக்க, மனுசன் தள்ளுறதா வேணாமா?" என்றார். அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கருவியை அவர் கையிலிருந்து வாங்கி, அடுத்த வரிசைக்குத் திருப்பிவிட்டார்.