புதுப்பிப்பு: செம்பனை மறுநடவுக்கு எந்தக் கிராப்பிள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கமுள்ள எங்கள் தோட்டத்தில், மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் செம்பனைகளின் (எண்ணெய்ப் பனைகளின்) அடிக்கட்டைகளையும் மட்டைகளையும் அள்ளுவதற்கு, ஸ்கிட் ஸ்டீர் லோடரில் (முன்கையில் கருவிகளை மாற்றி மாட்டக்கூடிய சிறிய சுமையேற்றி) எந்தக் கிராப்பிளை, அதாவது தாடைபோல் கவ்விப் பிடிக்கும் கருவியை, பொருத்தலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் பரிந்துரைத்தபடி, அடிப்பகுதி மூடிய வாளி வகையைத் தவிர்த்து, பற்கள் கொண்ட வேர் கிராப்பிளையே வாங்கினோம். பற்களின் இடைவெளியில் மண் உதிர்ந்துவிடுவதால் கட்டைகள் மட்டுமே லாரியேறுகின்றன. மேல் தாடைகள் இரண்டும் தனித்தனிச் சிலிண்டரில் இயங்குவதால், ஒருபுறம் தடித்த கட்டையும் மறுபுறம் மெல்லிய மட்டைகளும் இருந்தாலும் பிடி தளர்வதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம்.

சக்கரத்தில் ஓடும் ஸ்கிட் ஸ்டீர் லோடரின் தூக்குதிறன் பொதுவாகக் கவிழும் எடையில் (இயந்திரத்தை முன்பக்கம் சாய்த்துவிடும் சுமையில்) 50 விழுக்காடாகக் குறிக்கப்படுகிறது. கிராப்பிள் வாளியைவிட எவ்வளவு கனமோ, அவ்வளவையும் அதில் கழித்தே சுமையைக் கணக்கிட வேண்டும்.

கிராப்பிளின் மூட்டுகளிலுள்ள பின்களுக்கு (pins) நாள்தோறும் கிரீஸ் அடிக்கிறோம். கழற்றி வைத்த கிராப்பிள் வெயிலில் கிடந்தால், ஹோஸில் (ஹைட்ராலிக் குழாயில்) அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து, குழாயின் இணைப்பி மறுபடி மாட்ட மறுக்கிறது. ஆகவே, கழற்றும் முன் தாடையைத் தரையில் ஊன்றி, இயந்திரத்தை நிறுத்தி, ஹைட்ராலிக் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிவிடுங்கள்.