கர்ப்பிணிகளுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்கறேன், எல்லாரும் தலையாட்டறாங்க, வீட்ல யாரும் செய்யறதில்ல. எங்க தப்பு பண்றேன்?

புது_பிசியோ:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், படிச்சு முடிச்சு ரொம்ப நாள் ஆகல. இப்போ ஆறு மாசமா கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் ஒரு வகுப்பு எடுக்கறேன். ஒரு தடவைக்கு இருபது இருபத்தஞ்சு பேர் வருவாங்க, எனக்குக் கெடைக்கறது அரை மணி நேரம். நான் பன்னெண்டு பயிற்சி படத்தோட ஒரு தாள் அடிச்சு வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணா செஞ்சு காட்டுவேன், அவங்களும் கூடவே செய்வாங்க, கடைசில சந்தேகம் இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் வாயே தெறக்க மாட்டாங்க. சரி புரிஞ்சிடுச்சு போலன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

போன வாரம் என் வகுப்புக்கு நாலு தடவ வந்த ஒருத்தங்க, இப்போ எட்டாம் மாசம், எல்லாரும் போனப்பறம் தனியா வந்து மெதுவா கேக்கறாங்க, "மேடம், மாடிப்படி ஏறினா கொழந்த கீழ எறங்கிடும்னு சொல்றாங்களே, நான் நடக்கவே பயந்துட்டு இருக்கேன், இதெல்லாம் நெஜமாவே செய்யலாமா?"ன்னு. நாலு வகுப்பு உக்காந்து கேட்டவங்க! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நான் இத்தனை நாளா என்ன சொல்லிக் கொடுத்தேன்னு யோசிச்சா, பயிற்சிய மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கேன், அவங்க மனசுல இருந்தத ஒரு தடவ கூட கேக்கல.

இன்னொண்ணு, இடுப்பு அடித்தசை பயிற்சி, அதாவது கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழ இருந்து தாங்கற தசைக்கானது. வெளிய தெரியற பயிற்சின்னா பாத்து திருத்திடலாம், இது உள்ள நடக்கறது, செய்யறாங்களா இல்ல மூச்ச அடக்கி வயித்த மட்டும் எக்கறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இருபது_வருஷ_பிசியோ:
தங்கச்சி, இந்தக் கேள்விய ஆறு மாசத்துலயே கேட்டுட்டீங்க, எனக்கு இது புரிய அஞ்சு வருஷம் ஆச்சு. மொதல்ல அந்தத் தாள தூரப் போடுங்க. பன்னெண்டு பயிற்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் இப்போ மூணே விஷயம்தான் சொல்லித் தரேன்: நடை, இடுப்பு அடித்தசை, அப்புறம் முதுகு வலிக்கு முட்டி போட்டு கைய ஊன்றி முதுக மெதுவா வளைச்சு நிமித்தறது. இது மூணும் பழகினப்பறம் வேணும்னு கேக்கறவங்களுக்கு மத்தது.

வகுப்ப ஆரம்பிக்கும்போதே செஞ்சு காட்டாதீங்க. "வீட்ல உங்கள எதெல்லாம் செய்யாதன்னு சொல்லிருக்காங்க?"ன்னு கேளுங்க. "உங்களுக்கு என்ன பயம்"னு நேரா கேட்டா யாரும் பேச மாட்டாங்க, அடுத்தவங்க சொன்னதுன்னு கேட்டா கொட்டுவாங்க. கைய மேல தூக்கினா கொழந்த கழுத்துல தொப்புள்கொடி சுத்திக்கும்னு ஒருத்தர் சொல்வாங்க, குனிஞ்சா கொழந்த நசுங்கிடும்னு இன்னொருத்தர். அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க. கொழந்த பனிக்குடத் தண்ணில மிதந்துட்டு இருக்கு, கொடி சுத்தறது கொழந்த உள்ள உருண்டு பொரள்றதால, அம்மா கை எங்க இருக்குங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இத சொன்னதும் அந்த ரூம்ல முகங்கள் மாறுறத பாருங்க.

அடுத்தது மூச்சு வாங்கறது. இதான் பாதிப் பேர் நடைய நிறுத்தற காரணம். கர்ப்பத்துல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடிடுது, சும்மா உக்காந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 10ல இருந்து 20 வரைக்கும் அதிகமாகும், அதனால முன்னாடி அசால்ட்டா நடந்த தூரத்துக்கே இப்போ கொஞ்சம் மூச்சு வாங்கும், அது இயல்பு. எது ஜாஸ்தி எது சரின்னு கண்டுபிடிக்க பேச்சுதான் அளவு. நடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்களோட முழு வாக்கியமா பேச முடியுதா, சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு இழுக்க வேண்டியிருக்கா, கொறைங்க. பாட்டே பாட முடியுதுன்னா இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாம். நாடித்துடிப்பு 140ஐ தாண்டக் கூடாதுன்னு இன்னும் சில பேர் சொல்லித் தராங்க, அது அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 1985ல சொன்னது, 1994லயே அவங்களே அத எடுத்துட்டாங்க.

இடுப்பு அடித்தசைக்கு நான் சொல்ற வார்த்தை இது: "கேஸ் வெளிய போகாம அடக்கற மாதிரி இழுங்க, அப்படியே யூரினையும் நிறுத்தற மாதிரி முன்னாடி வரைக்கும் கொண்டு வாங்க, உள்ள மேல தூக்குங்க." பச்சையா இருக்கேன்னு கூச்சப்படாதீங்க, நீங்க கூச்சப்பட்டா அவங்களும் கூச்சப்படுவாங்க. மூச்ச அடக்கறாங்களான்னு பாக்க, தூக்கிப் பிடிக்கும்போது சத்தமா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொல்லுங்க, எண்ணறவங்களால மூச்ச அடக்க முடியாது. ஒரு கை வயித்து மேல, ஒரு கை பின்புறம் வெச்சுக்கச் சொல்லுங்க, அந்த ரெண்டு எடமும் இறுகினா தப்பான தசைய புடிச்சிருக்காங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். எட்டு தடவ இழுத்து விடறது, ஒரு நாளைக்கு மூணு வேளை. யூரின் போயிட்டு இருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாதுன்னு கட்டாயம் சொல்லுங்க, தசை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க அந்த உணர்வு போதும். இழுக்கற அளவுக்கு முழுசா தளர விடறதும் சொல்லிக் கொடுங்க, பிரசவத்தப்போ கொழந்த வெளிய வர அந்த தளர விடறதுதான் வேணும், இத நெறைய பேர் விட்டுடறாங்க.

கடைசியா "சந்தேகம் இருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "இன்னிக்கு வராத உங்க தோழிக்கு நீங்க எப்படி சொல்லிக் கொடுப்பீங்க, எனக்கு செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதுல தப்பு இருந்தா அது நாம சொன்ன விதத்துல இருக்கற தப்பு, அடுத்த வகுப்புல மாத்திக்கலாம்.

ஏழாம்_மாசம்:
நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, உங்க வகுப்புல உக்காந்து தலையாட்டற ஆளு. அதனால சொல்றேன். எனக்கு மொத கர்ப்பம் ஒம்பதாவது வாரத்துல கலைஞ்சிடுச்சு. அன்னிக்கு முந்தின நாள் நான் ஒரு கனமான பெட்டிய தூக்கி வெச்சேன். ரெண்டு வருஷமா அந்தப் பெட்டிதான் காரணம்னு மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன், வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. இந்தத் தடவ வகுப்புல போய் உக்காந்தா "மிதமான பயிற்சி பாதுகாப்பானது, எல்லாரும் செய்ங்க"ன்னு சொன்னாங்க, எனக்கு அது காதுலயே ஏறல. ஒரு நாள் ஒரு சிஸ்டர் என் பழைய ஃபைல பாத்துட்டு பக்கத்துல வந்து உக்காந்து, ஆரம்பத்துல கலையறதுல பாதிக்கு மேல குரோமோசோம் சரியா அமையாததாலதான், நீங்க செஞ்ச வேலையால இல்லம்மா, நடந்தாலும் மிதமா பயிற்சி செஞ்சாலும் கலையற வாய்ப்பு கூடறதில்லன்னு சொன்னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன். அன்னிக்கு சாயங்காலம்தான் மொத மொதல்ல நடந்தேன், பத்தே நிமிஷம்.

இப்போ தெனம் அர மணி நேரம் போறேன், காலைல பதினஞ்சு சாயங்காலம் பதினஞ்சுன்னு பிரிச்சு. முதுகு வலி கொறஞ்சிருக்கு, ராத்திரி தூக்கம் வருது. அதனால நீங்க வகுப்புல எங்கள மாதிரி முன்னாடி இழந்தவங்களும் இருப்பாங்கன்னு நெனச்சு அந்த சிஸ்டர் சொன்ன ஒரு வரிய எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க, யார் கையையும் தூக்கச் சொல்ல வேண்டாம். முடிஞ்சா கூட வர்றவங்களையும் உள்ள உக்கார விடுங்க, ஏன்னா வீட்ல நடக்க வேண்டாம்னு சொல்றது அவங்கதான், நாங்க போய் எடுத்துச் சொன்னா எடுபடாது.

மகப்பேறு_டாக்டர்:
மேல சொன்னது எல்லாமே சரி. ஆனா ஒண்ணு சேத்துக்கணும், வகுப்புக்கு முன்னாடி ஃபைல பாக்காம யாருக்கும் பயிற்சி சொல்லாதீங்க. காரணம் தெரியாம ரத்தக்கசிவு இருக்கறவங்க, பனிக்குடம் ஒடஞ்சவங்க, கர்ப்பப்பை வாய் பலவீனமா இருந்து தையல் போட்டவங்க, 26 வாரத்துக்கு அப்புறமும் நஞ்சுக்கொடி கீழ எறங்கி கர்ப்பப்பை வாய மறைச்சிட்டு இருக்கறவங்க, பிபி ஏறி யூரின்ல புரோட்டீன் போறவங்க, குறைப்பிரசவ வலி வந்தவங்க, வயித்துல மூணு கொழந்த இருக்கறவங்க, தீவிரமான இதய நோய் இருக்கறவங்க, இவங்கள எல்லாம் மொதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க. மத்தவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, அதாவது வாரத்துல அஞ்சு நாள் அர மணி நேரம். இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யாதவங்க 10 நிமிஷத்துல ஆரம்பிச்சு ஏத்திக்கலாம். கர்ப்பகால சுகர், பிபி சிக்கல், தேவைக்கு மேல எடை ஏறறது எல்லாத்துக்கும் வாய்ப்பு கொறையுது, கொழந்த எடை கொறையவோ சீக்கிரம் பொறக்கவோ இது காரணமாகறதில்ல.

உடனே நிறுத்திட்டு வரணும்னா எப்போன்னு தெளிவா சொல்லுங்க. ரத்தமோ தண்ணியோ போறது, விட்டு விட்டு ஒரே சீரா வலி வர்றது, தல சுத்தல், தாங்க முடியாத தலவலி, நெஞ்சு வலி, நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூச்சு முட்டறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது. கடைசி மாசங்கள்ல மல்லாந்து படுத்து செய்யற பயிற்சி வேண்டாம், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய அழுத்தி பிபி எறங்கி மயக்கம் வரலாம், ஒருக்களிச்சோ உக்காந்தோ செய்யலாம். கீழ விழற வாய்ப்பு இருக்கறது, வயித்துல அடி படற விளையாட்டு, கடல் ஆழத்துல டைவிங், கொதிக்கற சூட்டு அறைல யோகா இதெல்லாம் கூடாது. நீச்சல் தாராளமா.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது. குறைப்பிரசவத்த தடுக்கறேன்னு வழக்கமா எல்லாருக்கும் முழு பெட் ரெஸ்ட் சொல்றது பலன் தர்றதில்ல, படுத்தே இருந்தா காலுல ரத்தம் கட்டற ஆபத்துதான் கூடுது. உங்க வகுப்புக்கு யாராவது பெட் ரெஸ்ட்னு சொல்லிட்டாங்கன்னு வந்தா நீங்களா மாத்தாதீங்க, அத சொன்ன டாக்டர்கிட்ட என்ன காரணம், எதெல்லாம் செய்யலாம்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

லேபர்வார்டு_சிஸ்டர்:
டாக்டர் சொன்ன எச்சரிக்கை எல்லாம் அவசியம்தான், ஆனா அத மொதல்ல சொன்னா மிச்ச அர மணி நேரம் யாரும் எதையும் கேக்க மாட்டாங்க, ரத்தம் போகும்ங்கறது மட்டும்தான் வீட்டுக்குப் போகும். நான் கடைசில சொல்வேன், அதுவும் "இப்படி ஆனா என்ன செய்வீங்க, யாருக்கு போன் பண்ணுவீங்க"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வெப்பேன். நின்னுட்டே வேலை பாக்கறவங்க, வீட்டு வேலை மொத்தமும் செய்யறவங்க வந்தா அவங்ககிட்ட இன்னும் அர மணி நேரம் நடங்கன்னு சட்டுனு சொல்லிடாதீங்க, அவங்க நாள் முழுக்க என்ன பண்றாங்கன்னு மொதல்ல கேளுங்க, சில பேருக்கு கால நீட்டி உக்காரறதுதான் இன்னிக்குத் தேவை.

புது_பிசியோ:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து வகுப்புல தாள் கொடுக்கல. வீட்ல என்ன செய்யாதன்னு சொன்னாங்கன்னு கேட்டேன், பதினஞ்சு நிமிஷம் அதுலயே போச்சு, அர மணி நேரத்துல பாதி! ஆனா விட்டுட்டேன், பேசட்டும்னு. தோழிக்கு சொல்ற மாதிரி செஞ்சு காட்டச் சொன்னப்போ ஆறு பேர்ல நாலு பேர் வயித்த எக்கினாங்க, அப்போதான் நான் இத்தனை நாளா "உள்ள இழுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு எங்கன்னு சொல்லவே இல்லன்னு தெரிஞ்சுது. கேஸ் அடக்கறதுன்னு சொன்னதும் ஒரே சிரிப்பு, அப்புறம் எல்லாரும் எண்ணிட்டே செஞ்சாங்க.

அந்த எட்டாம் மாசக்காரங்க அவங்க மாமியாரோட வந்திருந்தாங்க. மாமியாருக்கு பனிக்குடத்துல கொழந்த மிதக்கறத வரைஞ்சு காட்டினேன். ஒண்ணும் சொல்லல, போகும்போது மருமக கைய புடிச்சிட்டு, மெதுவா, லிஃப்ட்ட விட்டுட்டு படியில எறங்கிப் போனாங்க.

ஒரு சின்னக் கேள்வி இன்னும் இருக்கு, அடித்தசைய இழுத்து கொஞ்ச நேரம் கூட புடிச்சு வெக்க முடியாதவங்களுக்கு எத்தனை எண்ற வரைக்கும் ஆரம்பிக்கறது?

இருபது_வருஷ_பிசியோ:
ரெண்டு எண்ற வரைக்கும் முடியுதுன்னா ரெண்டுல ஆரம்பிங்க. புடிச்ச அளவுக்கு ஓய்வு. வாரத்துக்கு ஒண்ணு ஏத்தினா போதும். தும்மும்போதோ இருமும்போதோ யூரின் கசியுதுன்னு யாராவது சொன்னா, தும்மறதுக்கு முன்னாடியே டக்குனு இழுத்துப் பிடிக்கவும் பழக்கி விடுங்க, அதையும் வகுப்புல எல்லாருக்கும் பொதுவா சொல்லுங்க, கேக்க வெக்கப்படறவங்க நெறைய பேர்.