பாம்புக் கூண்டுக்கு என்ன படுக்கை? எங்கள் அனுபவங்கள்

பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்

என்னிடம் ஒரு பந்து மலைப்பாம்பு நான்கு ஆண்டுகளாக இருக்கிறாள். வாங்கிய அன்று விற்றவர் கூடவே ஒரு மூட்டை ஆஸ்பென் மரச்சீவலும் கொடுத்து, எல்லாப் பாம்புக்கும் இதைப் போட்டால் போதும் என்று சொன்னார். நானும் நம்பினேன். வெளிர் நிறத்தில் சுத்தமாக இருந்தது, தூசி அதிகம் இல்லை, எச்சத்தை அள்ளிப் போடவும் எளிது. முதல் ஐந்து வாரம் எந்தத் தொல்லையும் தெரியவில்லை.

அப்புறம் சட்டை உரிக்கும் நேரம் வந்தது. கண் நீலம் பாய்ந்து மங்கியது, சில நாளில் தெளிந்தது, அதுவரை சரி. ஆனால் சட்டை ஒரே உறையாக வரவில்லை. காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி துண்டு துண்டாக உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகிக் கிடந்தது. ஒரு கண்ணின் மேல்மூடி, அதாவது சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டிய தெளிந்த படலம், கழலவே இல்லை. அன்றுதான் ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்தேன். 35 சதவீதம் காட்டியது. இந்த இனத்துக்கு 60 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது, சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

நான் செய்த அடுத்த தவறு, அந்த மரச்சீவல் மேலேயே தினமும் தண்ணீர் தெளித்தது. ஒரு வாரத்தில் கூண்டைத் திறந்தாலே புளித்த வாடை. தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கீழே கிளறிப் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஆஸ்பென் உலர்ந்த இடத்துக்கான பொருள். நனைந்தால் அழுகத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல முடியாது, அதை வைத்த இடம்தான் தவறு.

கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். கண்மூடியை நகத்தால் பிடுங்கப் பார்க்க வேண்டாம், அடியில் இருக்கும் நல்ல படலமும் கிழிந்து பார்வை போய்விடும் என்று முதலில் எச்சரித்தார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுக்குள் அவளை ஊர விட்டதில் உடம்பில் இருந்தவை கழன்றன. வால் வளையமும் வந்துவிட்டது. கண்மூடி அடுத்த சட்டையோடுதான் போனது. அதுவரை ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து வருந்தினேன்.

இந்தப் பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. அங்கே மேலே வறட்சியாக இருக்கும். ஆனால் இது பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். அந்தப் பொந்தைத்தான் நான் கூண்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் தேங்காய் மட்டைச் சில்லுக்கு மாறினேன். மேலே தெளிப்பதை நிறுத்திவிட்டு, கூண்டின் நான்கு மூலையிலும் தண்ணீரை ஊற்றுகிறேன். அடியடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிறு படும் மேலடுக்கு காய்ந்தே இருக்கிறது. கம்பிவலை மூடியின் பாதியையும் மறைத்துவிட்டேன், இல்லையென்றால் ஈரம் எல்லாம் மேலே போய்விடும். அடுத்த முறை உதட்டில் தொடங்கி வால் நுனி வரை காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல முழுச் சட்டை கிடந்தது. இரண்டு கண்மூடியும் அதிலேயே இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இருந்தன.

நீங்கள் என்ன போட்டீர்கள், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். பொருளின் பெயரோடு, எந்தப் பாம்பு என்பதையும் எழுதினால் புதிதாக வளர்ப்பவர்களுக்கு உதவும்.

சோளப்பாம்பு வளர்ப்பவர்

எனக்கு ஆஸ்பென் போல ஒன்று அமையவில்லை. சோளப்பாம்புக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும், அதனால் பூஞ்சணப் பிரச்சினை எனக்கு வந்ததில்லை. அழுத்தி நிரப்பினால் அவன் குடைந்த சுரங்கம் அப்படியே நிற்கும். காலையில் பார்த்தால் ஒரு ஓட்டையிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்க்கும். சட்டை உரிக்கும் வாரத்தில் மட்டும், ஈரமான ஸ்பாக்னம் பாசி நிரப்பிய ஒரு மூடிய டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்துவிடுவேன். கூண்டு முழுவதையும் ஈரமாக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஒருமுறை ஆஸ்பென் தீர்ந்துபோய், சிறு பிராணிகளுக்கு என்று விற்ற கலப்பு மரச்சீவலை வாங்கிப் போட்டேன். பையைத் திறந்ததும் நல்ல வாசனை. சீடார், அதாவது தேவதாரு வகை மரத்தின் வாசனை. அறையே மணக்கிறது என்று மகிழ்ந்தேன். இரண்டு நாள் கழித்து அவன் கீழே இறங்கவே இல்லை. கிளையின் உச்சியிலும், தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலுமாகத் தொற்றிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் வாயைத் திறந்து மூச்சு விட்டான், வாயோரம் நுரைக்குமிழ். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே படுக்கை என்ன என்பதுதான்.

அந்த வாசனைதான் கெடுதல். சீடார் மரத்தில் உள்ள எண்ணெய்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கூண்டோ மூடியது, அடியில் சூடு வேறு. பாம்பு நாள் முழுக்கத் தரையோடு தரையாக அந்த ஆவியைத்தான் மூச்சாக இழுக்கிறது. நாக்கை நீட்டி நீட்டி வாசனையை அள்ளுவதற்கு அண்ணத்தில் தனி உறுப்பே வைத்திருக்கும் உயிர் அது. நமக்கு மணப்பது அதற்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. பைன் மரத்திலும் இப்படி எண்ணெய் உண்டு. சூளையில் உலர்த்தியதில் குறைவு என்று சொல்லிப் பலர் போடுகிறார்கள், நான் போடுவதில்லை. மருந்தும் வேறு படுக்கையுமாக மூன்று வாரத்தில் தேறிவிட்டான். அதன் பிறகு எந்தப் பையையும் முகர்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை. மணந்தால் வேண்டாம்.

ஹாக்னோஸ் வளர்ப்பவர்

மூக்கு மண்வெட்டி மாதிரி மேலே வளைந்திருக்கும் பாம்பு இது. வட அமெரிக்காவின் மணற்பாங்கான புல்வெளிகளில் மண்ணைத் தோண்டியே வாழ்வது. அதனால் ஆழமாகப் படுக்கை போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், 10 சென்டிமீட்டர் போட்டேன். பொருளும் சரி, ஆழமும் சரி. நான் கோட்டைவிட்டது சூட்டில்.

கண்ணாடித் தொட்டியின் அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு, ஒட்டியிருந்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியைப் படுக்கையின் மேல் வைத்திருந்தேன். மரச்சீவல் நல்ல கம்பளி போன்றது, சூட்டை மேலே விடாது. மேலே சூடு போதவில்லை என்று உணரி சொல்லச் சொல்ல, மேட் அடியில் காய்ந்துகொண்டே போனது. அவள் தோண்டிக்கொண்டு நேராகக் கண்ணாடி வரை போய் அதன் மேல் படுத்துவிட்டாள். பாம்புகள் சுடுகிறதே என்று சட்டென விலகிவிடும் என நினைக்காதீர்கள், வயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் படுத்தே கிடப்பது உண்டு. வயிற்றுச் செதில்களில் விரல் அகலத்துக்குச் சிவந்து நீர் கோத்திருந்தது. ஆற இரண்டு சட்டைக் காலம் ஆயிற்று. இன்னமும் அந்த இடத்தில் செதில் ஒழுங்கில்லாமல்தான் இருக்கிறது. கையில் எடுக்கும்போதெல்லாம் என் விரல் அங்கேதான் போகிறது.

இப்போது சூடு மேலிருந்து வருகிறது. கம்பிக்கூடு போட்ட விளக்கு. அடியில் மேட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உணரியைக் கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் வையுங்கள், அல்லது படுக்கைக்கு அடியில் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். பாம்பு எட்டக்கூடிய மிகச் சூடான இடம் எதுவோ அதைத்தான் அளக்க வேண்டும்.

பலவகைப் பாம்புகள் வளர்ப்பவர்

அழகான படுக்கை பற்றியே பேசுகிறோம். நான் வெறும் வெள்ளைத்தாள் பற்றிச் சொல்கிறேன்.

புதிதாக எந்தப் பாம்பு வந்தாலும் என் வீட்டில் தனி அறை, குறைந்தது இரண்டு மாதம், கீழே சமையலறைக் காகிதத் துண்டு மட்டும். பார்க்க நன்றாக இருக்காது. ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டி வைத்துவிட்டால் பாம்புக்கு அது குறையாகவும் தெரியாது. ஒருமுறை வந்த பாம்பு பார்க்க முழு ஆரோக்கியம். மூன்றாம் நாள் காலையில் தாளில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ஒன்று நகர்ந்தது. பாம்புச் சிற்றுண்ணி! கண் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் செதில் இடுக்கில் புகுந்து ரத்தம் குடிப்பவை. அவன் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்ததற்கும் காரணம் அதுதான். மரச்சீவலோ மட்டைச் சில்லோ போட்டிருந்தால் அந்தப் புள்ளிகளை நான் கண்டிருக்கவே மாட்டேன். ஆயிரக்கணக்கில் பெருகி மற்றக் கூண்டுகளுக்கும் போயிருக்கும். தாள் என்பதால் தினமும் சுருட்டி மூடிய பையில் போட்டு வெளியேற்றினேன், மருத்துவர் சொன்னபடி மருந்தும் கொடுத்தேன். பரவவில்லை.

எச்சத்தில் ரத்தம் இருக்கிறதா, சளி இருக்கிறதா, யூரேட் என்னும் அந்த வெள்ளைக் கட்டி சுண்ணாம்பு வெண்மையாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, எல்லாம் தாளில்தான் தெரியும். அறுவை சிகிச்சை ஆன பாம்பு, புண் உள்ள பாம்பு, முட்டையிலிருந்து வந்த குட்டி, எல்லாவற்றுக்கும் எனக்குத் தாள்தான்.

மண்ணுளி வளர்ப்பவர்

கென்யா மண்ணுளி என்ற பெயரைக் கேட்டதும் மணலைக் கொட்டினேன். கால்சியம் மணல் என்று வண்ணப் பையில் வந்தது, தின்றாலும் செரித்துவிடும் என்று எழுதியிருந்தது. அது ஈரம் பட்டால் கட்டியாகிற பொருள். இரையோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், பத்து நாளாக எச்சம் போகாமல் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. வெதுவெதுப்பான நீரில் வைத்தும் மருத்துவமனையில் நீர்ச்சத்து ஏற்றியும் காப்பாற்றினோம். இப்போது அவன் ஆஸ்பெனிலேயே நன்றாகப் புதைந்து கிடக்கிறான். இரையைத் தட்டையான ஓட்டின் மேல் வைத்துக் கொடுக்கிறேன், நனைந்த இரையை ஒருமுறை துடைத்துவிட்டு. ஈர எலியில்தான் எல்லாம் ஒட்டும்.

வானவில் போவா வளர்ப்பவர்

எனக்கு நேர்ந்தது முதலில் எழுதியவருக்கு நேர்மாறு. பிரேசில் வானவில் போவாவுக்கு ஈரம் நிறைய வேண்டும், 80 சதவீதத்துக்கு மேலே போனாலும் நல்லதே. ஈரப்பதம் என்றால் ஈரம்தானே என்று தென்னை நார்க்கழிவைச் சொதசொதவென்று நனைத்து வைத்தேன். எண் சரியாகக் காட்டியது. ஆனால் இரண்டு மாதத்தில் வயிற்றுச் செதில்களின் ஓரம் பழுப்பாகி, சில இடத்தில் கொப்புளம். செதில் அழுகல். காற்றில் இருக்க வேண்டிய ஈரத்தை நான் அவள் வயிற்றுக்கு அடியில் தேக்கி வைத்திருந்தேன்.

குணமான பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், அதன் மேல் வலைத்துணி, அதற்கு மேல் உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணும் நார்க்கழிவும் கொஞ்சம் மணலும், எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த இலைச்சருகு. கூடுதல் தண்ணீர் உருண்டைகளுக்குள் இறங்கிவிடும். அவள் படுப்பது சருகின் மேல். மண்ணுக்குள் ஸ்பிரிங்டெயில் என்னும் நுண்ணிய பூச்சிகளையும் ஐசோபாட் என்னும் ஓடு போர்த்திய சின்ன உயிர்களையும் விட்டிருக்கிறேன். பூஞ்சணத்தை முன்னது தின்னும், எச்சத்தையும் சருகையும் பின்னது உடைக்கும். பெரிய எச்சத்தை நானே எடுத்துவிடுவேன், அவ்வளவையும் அவற்றால் சமாளிக்க முடியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் சருகுக்குள் அவள் நகரும் சத்தம் வரும். முன்பு அந்தக் கூண்டு சத்தமே இல்லாமல் இருந்தது.

புதிதாக வளர்க்கப் போகிறவர்

அடுத்த வாரம் ஒரு சோளப்பாம்புக் குட்டி வருகிறது. கூண்டு வாங்கியாயிற்று. நேரடியாக ஆஸ்பென் போடலாமா, தாளில் தொடங்கலாமா? தாளில் வைத்தால் பயந்துபோகாதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும்?

பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்

தாளில் தொடங்குங்கள். மேலே சொன்ன சிற்றுண்ணிக் கதை ஒன்றே போதும் காரணத்துக்கு. பயம் வராமல் இருக்க, உடம்பு உரசுகிற அளவுக்குச் சின்னதாக இரண்டு ஒளிவிடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. தாளையே கசக்கி இரண்டு மூன்று உருண்டையாகப் போட்டால் அதற்கடியிலும் புகுந்துகொள்ளும். இரண்டு மாதம் ஒழுங்காகத் தின்று, எச்சம் போட்டு, ஒரு சட்டையாவது முழுதாக உரித்த பிறகு ஆஸ்பெனுக்கு மாற்றுங்கள், ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு.

எச்சத்தைக் கண்ட அன்றே, சுற்றியிருக்கும் ஒரு கைப்பிடியோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். முழுதாக மாற்றுவதை நான் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். வாடை வந்தால் நாள் பார்க்காமல் உடனே. ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாம்பு நலமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமி அதனிடம் இருக்கலாம். குட்டி வருவதற்கு முன்பே, வெறும் கூண்டில் விளக்கையோ மேட்டையோ இரண்டு நாள் ஓடவிட்டு, வெப்பமும் ஈரமும் இரவிலும் பகலிலும் என்ன காட்டுகின்றன என்று எழுதி வையுங்கள். அந்த எண்களை இங்கே போட்டால் எல்லோருமாகப் பார்த்துச் சொல்கிறோம்.