களப் படங்களைப் பொதுவெளியில் பகிர்வது குறித்து ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நான் பூச்சியியல் ஆய்வு மாணவன். களத்தில் எடுக்கும் படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட அனுமதி கேட்டிருக்கிறேன். அது வீண்வேலை என்றே துறையில் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் அப்படிப் பகிர்ந்த படங்களால் பயன் விளைந்ததும் உண்டு. மலேசியக் காட்டில் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் எடுத்து ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் இட்டிருந்த பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தைக் கலிஃபோர்னியாவில் பணிபுரிந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாகப் பார்த்து, இறக்கையின் அடிப்பகுதியில் தெரிந்த கருங்கோடுகளையும் நீலப் புள்ளிகளையும் கண்டு ஐயுற்றதால்தான், 2012இல் செமாக்ரைசா ஜேட் என்ற புதிய இனம் பதிவாயிற்று. படம் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கலைஞர் பின்னர் ஒரு பூச்சியைப் பிடித்துக் கொடுத்த பிறகே இனம் உறுதியானது. பிரேசிலின் துரோசெரா மேக்னிஃபிகா என்ற பூச்சியுண்ணும் தாவரமும் ஃபேஸ்புக் படத்தின் வழியே அடையாளம் காணப்பட்டு, 2015இல் விவரிக்கப்பட்டது. ஆனால் ஒரே ஒரு மலையுச்சியில் மட்டும் வளர்வதாக அறியப்பட்ட அத்தகைய உயிரியின் இருப்பிடம் வெளியே தெரிந்தால் சேகரிப்பவர்கள் விடுவார்களா? என் உண்மையான தயக்கம் இதுதான்.

எனவே, அரிய இனங்களின் படங்களை இடும்போது இருப்பிடத்தை எந்த அளவுக்கு மறைக்கிறீர்கள் என்பதையும், ஆய்விதழில் வெளிவருவதற்கு முன்பே படத்தைப் பகிர்ந்ததால் சிக்கல் ஏதும் எழுந்ததா என்பதையும், அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். துறைத் தலைவரிடம் காட்டத்தக்க எழுத்துவடிவ நெறிமுறை எவரிடமேனும் இருந்தால் மிகவும் பயன்படும்.