ஆவாரஞ்செடி வெச்சவங்க, பூவுல கருவண்டு பார்த்தவங்க சொல்லுங்க

காட்பாடி வேலியோரம்:
சித்திரை வெயில்ல வேலூர் எப்படிக் காயும்னு உங்களுக்குத் தெரியும். தண்ணியே காட்டல, அப்பவும் வேலி பூரா பூ. காலையில கருவண்டு வரும். பூவைக் காலால கட்டிப் பிடிச்சதும் இறக்கை அடங்கிடுது, ஆனா சத்தம் மட்டும் சுருதி ஏறி 'ஜீய்ங்'னு கிளம்புது. அந்த நொடியில மஞ்சப் பொடி பீய்ச்சி அதோட வயித்துல அடிக்குது! தேன் குடிக்கவா இந்தக் கூத்து? பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தோட வந்து, "இன்னாத்துக்குடா வண்டு வளர்க்கிற, கொட்டினா?"ன்றாங்க.

குடியாத்தம் மருமக:
எங்க வீட்ல வண்டு இல்ல, புழுதான் பஞ்சாயத்து. மழை முடிஞ்சு துளிர் விட்டதும் இலை நிறத்துலயே பச்சைப் புழு. அத்தை வேப்பெண்ணெய் கரைச்சே வெச்சுட்டாங்க, நான்தான் கையைப் பிடிச்சேன். செடி குச்சியாப் போச்சு. அப்புறம் ஒருநாள் கூட்டுல இருந்து வெளுத்த பட்டாம்பூச்சி ஒண்ணு, இறக்கை கசங்கித் தொங்குது. அத்தை கரண்டியோட நின்னு பார்த்துட்டே இருந்தாங்க, உள்ள தாளிப்பு கருகிடுச்சு. செடி திரும்பத் துளிர்த்துடுச்சு. வேப்பெண்ணெய் டப்பா மட்டும் இன்னும் ஜன்னல்லயே இருக்கு.

ஆம்பூர் வாத்தியார்:
காட்பாடி தம்பி, ஆவாரம்பூவுல தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். மகரந்தப் பை நுனியில சின்ன ஓட்டை, உலுக்கினாத்தான் பொடி கொட்டும். கருவண்டு நெஞ்சுச் சதையை அதிரவிட்டு உலுக்குது, நீங்க கேட்ட சத்தம் அதுதான். தேனீக்கு இந்த வித்தை வராது, சிந்தினதைப் பொறுக்கிட்டுப் போகும். அக்காகிட்ட சொல்லுங்க, ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்ல, பெண்ணும் கையில பிடிச்சாத்தான் கொட்டும்.

வைக்கப் போறவங்களுக்கு: விதைத் தோல் கெட்டி. சூடான தண்ணியில போட்டு ராத்திரி பூரா ஊறவிட்டு, நட வேண்டிய இடத்துலயே ஊனுங்க. ஆணிவேர் ஆழமா இறங்கும், பெரிய செடியைப் பிடுங்கி நட்டா பிழைக்கிறது கஷ்டம். வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி, அப்புறம் மறந்துடுங்க. தண்ணி தேங்கினா வேர் அழுகும். தேனுக்குப் பக்கத்துல தும்பை விடுங்க. காய்ஞ்ச மரக்கட்டை ஒண்ணைப் போட்டு வைங்க, கருவண்டு துளை போட்டு முட்டை வைக்கும். பூச்சி மருந்து பக்கமே போகாதீங்க.

பேரணாம்பட்டு:
வாத்தியாரே, அனுபவம் கேட்டா பாடம் எடுக்கிறீங்க. குரோம் உப்புல தோல் பதப்படுத்துறது வர்றதுக்கு முன்னாடி இங்க தோல் பதப்படுத்தினது ஆவாரம்பட்டையில. தாத்தா தோல் ஷாப்புல வேலை பார்த்தவர், விரல் இடுக்கெல்லாம் பட்டைச் சாயம், சோறு பிசையும்போது பார்ப்பேன். அவர் ஆவாரங்காட்டைக் கண்டா பூவைப் பார்க்கவே மாட்டார், தண்டை நகத்தால கீறி, "பட்டை பழுக்கல"ன்னு சொல்லிட்டு நடப்பார். ஊர்ல இருந்த பாதிப் புதரு ஷாப்புக்குத்தான் போயிருக்கும். அதுல வந்த வண்டெல்லாம் எங்க போச்சோ, யாரு கேட்டா?

காட்பாடி வேலியோரம்:
கொடுக்கு விஷயத்தை அக்காகிட்ட சொன்னேன். "அது ஆணுன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப?"ன்னு கேக்குறாங்க. வாத்தியாரே, வாங்க.